காவிரிக்கும் காபிக்கும் ஒரே பிறந்த வீடு

குடகைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என்னை நிறுத்துவது கஷ்டம். வீட்டில் இதற்காகவே கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, வால்பாறை, ஏற்காடு எல்லாம் போய்ப் பார்த்தவன்தான் நான். அவற்றின் அழகை ஒரு சொட்டும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை நான் வேடிக்கை பார்க்கப் போன ஊர்கள். குடகு அப்படி இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவனுக்குக் குளித்து வளர்ந்த ஆறும், விடிந்ததும் கை தேடுகிற காபியும் ஒரே மலையிலிருந்து இறங்கி வருகின்றன என்றால், அந்த மலையைச் சுற்றுலாத் தலம் என்று சொல்ல மனம் வருமா?

கர்நாடகத்தின் தென்மேற்கில், கேரளத்தின் எல்லையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலைமேல் கிடக்கிறது குடகு. பரப்பு சுமார் 4,100 சதுர கிலோமீட்டர். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு ரயில் நிலையம் கிடையாது. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது மாவட்டத் தலைநகரான மடிக்கேரிக்கு ஏறும் சாலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனால் புரியும். இரு பக்கமும் மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், அவற்றின் காலடியில் காபிச் செடிகள், நடுவே கிண்ணம் கிண்ணமாக வயல்கள். மலையில் நெல் வயலைப் பார்த்ததும் டெல்டாக்காரனுக்கு வரும் சந்தோஷத்தை மற்றவர்களுக்கு விளக்குவது சிரமம்.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். மடிக்கேரியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பாகமண்டலம். காவிரியும் கன்னிகையும் அங்கே கூடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதியையும் சேர்த்துத் திரிவேணி சங்கமம் என்கிறார்கள். கேரளக் கோயில்களின் சாயலில் அடுக்கடுக்கான கூரையோடு நிற்கிறது பாகண்டேஸ்வரர் கோயில். அங்கிருந்து இன்னும் 8 கிலோமீட்டர் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து 1,276 மீட்டர் உயரத்தில் பிரம்மகிரியின் மடியில் தலைக்காவிரி. பெரிய ஊற்றையும் பாய்ந்து வரும் அருவியையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இருப்பது ஒரு சின்னச் சதுரக் குண்டிகை. அதன் முன்னால் ஒரு குளம். ஆறு என்று எதுவும் அங்கே ஓடாது. நிலத்துக்குள் போய்க் கீழே வெளிப்படுகிறது என்பது நம்பிக்கை. என்னைக் கேட்டால், திருச்சி காவிரிப் பாலத்தில் நின்று அந்த அகலத்தைப் பார்த்து மலைத்த எவரும் இந்தக் குண்டிகை முன்னால் ஒருமுறை நிற்க வேண்டும். தொண்டை அடைக்கும். எனக்கு அடைத்தது.

ஐப்பசி பிறக்கும் நேரத்தில், அதாவது சூரியன் துலா ராசிக்குள் நுழையும் நொடியில், அந்தக் குண்டிகையில் நீர் பொங்கும் என்பது தீர்த்தோத்பவம். பெரும்பாலும் அக்டோபர் 17-ஆம் தேதி வரும். பஞ்சாங்கம் குறித்த நேரம் நள்ளிரவாக இருந்தாலும் நடுப்பகலாக இருந்தாலும் அந்த நேரத்துக்குத்தான். குளிரில் நனைந்தபடி ஜனம் காத்திருக்கிறது. நேரம் நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கிவிடுகிறது. பிறகு ஒரே ஆரவாரம். குடத்திலும் பாட்டிலிலும் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். குடகின் பூர்வகுடிகளான கொடவர் வீடுகளில் தேங்காயையோ வெள்ளரிக்காயையோ வைத்துச் சிவப்புப் பட்டு சுற்றி, வளையலும் நகையும் பூட்டி, காவேரம்மா என்று பூஜை செய்கிறார்கள். அதே ஐப்பசி முதல் நாளில் மாயவரத்துத் துலாக்கட்டத்தில் என் அத்தை முழுக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஆற்றின் ஒரு முனையிலும் இன்னொரு முனையிலும் ஒரே நாளில் ஒரே காரியம். நடுவில் சுமார் 800 கிலோமீட்டர், இரண்டு மாநிலங்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேலான வழக்கு!

ஆடிப்பெருக்கின் கதையைக் கேட்டால் இன்னும் புல்லரிக்கும். ஆடி 18-க்கு நாங்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, சித்திரான்னம். அன்றைக்கு ஏன் பெருக்கு என்று சின்ன வயதில் யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஆடியில் வெயில்தான் அடிக்கும். மழையே இல்லாத ஊருக்கு வெள்ளம் எங்கிருந்து வருகிறது? குடகிலிருந்து வருகிறது. ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெறிகொண்டு கொட்டும். மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பாகமண்டலத்தில் அதைவிட அதிகம். 1934-இல் மேட்டூர் அணை வருவதற்கு முன், அந்த மழைதான் நேரே வந்து எங்கள் படித்துறைகளை மூழ்கடித்தது.

அதே நாள், ஆகஸ்ட் 3 வாக்கில், குடகில் கக்கட பதினெட்டு. மத்து தொப்பு என்ற காட்டுச் செடியில் அன்று ஒரு நாள் மட்டும் 18 வகை மருந்துகளின் குணம் இறங்குவதாகச் சொல்கிறார்கள். இலையைக் கொதிக்க வைத்தால் கருஞ்சிவப்பாகச் சாறு இறங்கும். அதில் அரிசி, வெல்லம், தேங்காய் சேர்த்துப் பாயசம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பாயசத்தை முதன்முதலாகப் பார்த்தபோது கொஞ்சம் தயங்கினேன். வாயில் வைத்த பிறகு தயக்கம் போய்விட்டது. இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினேன். (மறுநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். அதையும் முன்கூட்டியே சொல்லித்தான் தருகிறார்கள், சிரித்துக்கொண்டே.) எங்களுக்கு அன்று நடுவது, விதைப்பது, பெருக்கு. அவர்களுக்கு நாற்று நட்டு முடித்து அடைமழையில் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் நாள். மழை ஒன்று, கொண்டாட்டம் இரண்டு.

சரி, காபி.

இந்தியாவில் விளையும் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. அதில் முதல் மாவட்டம் குடகு. நாட்டின் மொத்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சின்ன மாவட்டத்திலிருந்து வருகிறது என்றால் நம்ப முடிகிறதா? பாபா புடன் என்பவர் 7 காபி விதைகளை மறைத்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கதை சிக்கமகளூர் மலைக்கு உரியது. அதற்கு நான் உரிமை கொண்டாட முடியாது. குடகில் 1834-இல் கம்பெனி ஆட்சி வந்து 20 வருஷம் கழித்து, 1854-இல் ஃபவுலர் என்ற வெள்ளைக்காரர் மடிக்கேரியில் எஸ்டேட் திறந்தார். அதற்குப் பிறகுதான் தோட்டங்கள் மலை மலையாகப் பரவின.

குடகுக் காபித் தோட்டத்துக்குள் நுழைவதும் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைவதும் ஒன்றல்ல. தேயிலைக்காக மலையையே மழித்துவிடுவார்கள். இங்கே காடு அப்படியே நிற்கிறது. மேலே பலா, ஈட்டி, அத்தி, நாவல், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். நடுவே முள்முருங்கை. மரங்களைத் தழுவி மிளகு. கீழே காபி. ஈரப் பள்ளத்தில் ஏலம். வெயில் சல்லடையாகத்தான் செடிமேல் விழுகிறது. காலடியில் மெத்தென்று சருகு. பறவைச் சத்தம் காதைப் பிளக்கும். உயரமான இடங்களில் அராபிக்கா, தாழ்வான தெற்குப் பக்கத்தில் ரொபஸ்டா. அராபிக்காவின் தண்டைத் துளைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் படுத்திய பாட்டில் பலர் ரொபஸ்டாவுக்கு மாறிவிட்டார்கள். குடகு ஆரஞ்சும் முன்பு செடிகளுக்கு நடுவே ஏராளம் இருந்தது. நோய் தாக்கி இன்று அருகிவிட்டது. புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. சாலையோரம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தோல் பொளபொளவென்று கழன்று வரும், புளிப்பும் இனிப்பும் சண்டை போடும்.

மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்யும். பூமழை என்று அதற்குப் பெயர். அது ஒன்றுக்காகத் தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே தவிப்பார்கள். வராவிட்டால் ரொபஸ்டாவுக்குக் குழாய் போட்டுத் தெளிப்பு நீர் பாய்ச்சுகிறார்கள். மழை விழுந்து எட்டு, பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகிறது. ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு பூக்கொத்து. வாசனை? மல்லிகைப் பந்தலுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற மாதிரி. காரின் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வந்துவிடுகிறது. தேனீக்களின் ரீங்காரம் தோட்டத்தையே அதிர வைக்கிறது. ரொபஸ்டாவுக்கு அயல் மகரந்தம் வேண்டும் என்பதால் அவை செய்யும் வேலை தோட்டக்காரருக்குப் பணம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். வாழ்க்கையில் ஒருமுறைதான் குடகு போக முடியும் என்கிறவர்கள் அந்த இரண்டு மூன்று நாளைக் குறிவைத்துப் போங்கள். தேதி கேட்காதீர்கள். மழையைத்தான் கேட்க வேண்டும்.

பழம் பறிப்பு அராபிக்காவுக்கு நவம்பரில் தொடங்கும், ரொபஸ்டாவுக்கு ஜனவரியிலிருந்து. பொன்னம்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பறிப்பைப் பார்க்கப் போய்ச் சும்மா நிற்க முடியாமல் நானும் கூடையைக் கட்டிக்கொண்டேன். பக்கத்து வரிசையில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார். “தம்பி, பழுத்தத மட்டும் திருகி எடுங்க. கொப்ப முறிச்சீங்கன்னா அடுத்த வருசக் காய் போச்சு. பச்சைய போட்டீங்கன்னா ரைட்டர் என்னத்தான் கத்துவாரு.” சேலம் பக்கத்திலிருந்து வந்தவர் அவருடைய தாத்தா. தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்து, லைன் வீட்டிலேயே கல்யாணம் முடித்து, இப்போது பேரன் மைசூரில் படிக்கிறான் என்றார். குடகுக் காபியின் பாரம்பரியம் பேசுகிறவர்கள் பெரிய வீடுகளைப் படம் பிடிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் செடிக்குச் செடி குனிந்து நிமிர்ந்த தமிழ்க் குடும்பங்கள், பழங்குடிகளான எரவர், ஜேனுக் குறும்பர், இப்போது அஸ்ஸாமிலிருந்து வரும் பையன்கள் என்று அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் நான் குடகைக் கொண்டாடுவேன்.

பறித்த பழம் இரண்டு வழியில் போகிறது. அப்படியே களத்தில் கொட்டிக் கிளறிக் கிளறி இரண்டு வாரம் போலக் காயவைத்தால் செர்ரி. மெஷினில் தோலை உரித்து, வழவழப்புப் போக ஊறவிட்டுக் கழுவி, கொட்டையாகக் காயவைத்தால் பார்ச்மென்ட். ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை தட்டைப் பக்கங்கள் ஒட்டி இருக்கும். சிலதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் நம் கடைகளில் ‘பீபெரி’ என்று எழுதி வைத்திருப்பது. ‘பிளான்டேஷன் ஏ’ என்பது கழுவிய அராபிக்காவில் பெரிய கொட்டை. கும்பகோணத்தில் டிகாக்ஷன் இறங்கும்போது எழும்பும் மணம் அராபிக்காவுடையது. பால் ஊற்றிய பிறகும் நிற்கும் கெட்டி ரொபஸ்டாவுடையது. இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது, அதிகம் வாங்குவது இத்தாலி. இத்தாலிக்காரர்களுக்கு ரசனை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். சுற்றிலும் காபிக்காடு இருக்கும் ஒரு தங்கும் விடுதியில், விடிகாலை மூடுபனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு வெந்நீரும் உடனடிக் காபிப் பொட்டலமும் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் அறை பதிவு செய்யும்போதே “என்ன காபி தருவீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள்.

கொடவர் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். நடிகேரியண்ட சின்னப்பா ஊர் ஊராகப் போய்ப் பாட்டையும் வழக்கத்தையும் திரட்டி 1924-இல் கொண்டுவந்த ‘பட்டோலெ பளமெ’ அவர்களுக்கு உயிர். ஒவ்வொரு ஒக்கத்துக்கும், அதாவது குலத்துக்கும், ஒரு ஐன்மனெ உண்டு. மூதாதை கட்டிய பொது வீடு. வயலைப் பார்த்த மேட்டில், வளைந்து போகும் ஒரு சந்து வழியாகத்தான் அதை அடைய முடியும். அடி பருத்து மேலே ஒடுங்கும் மரத்தூண்கள், தூணுக்குத் தூண் ஐமர என்ற கனமான பலகை இருக்கை. பெரியவர்கள் மட்டும் உட்காரும் இடம் அது. நான் மரியாதையாகத் திண்ணையிலேயே உட்கார்ந்தேன். உள்ளே விளக்கு. வெளியே கைமட என்ற மூதாதையர் சன்னதி. ஆண்டில் மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற ஐன்மனெ, பண்டிகை என்றால் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பேரப்பிள்ளைகளால் நிரம்பி வழிகிறது. பல வீடுகள் இடிந்தும் கிடக்கின்றன. நல்ல நிலையில் இருப்பதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அது கண்காட்சி அல்ல, ஒரு குடும்பத்தின் கோயில். கேட்டுக்கொண்டு போங்கள்.

செப்டம்பர் 3-இல் கைல்போத் என்ற ஆயுத பூஜை. துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்தி வைத்து, குழல்முனையில் ஒரு பூவைச் செருகுகிறார்கள். தோக்பூ என்பார்கள். பார்த்தவுடன் கத்திவிட்டேன்: நம் செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர் அங்கே துப்பாக்கிக்கு அலங்காரம். ஆயுத உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கக் கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கிடைத்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. அறுவடைப் பண்டிகையான புத்தரியில், இரவு நேரத்தில் வயலுக்குப் போய் முதல் கதிரை அறுக்கும்போது வெடி வெடிக்கும். ‘பொலி பொலி தேவா’ என்று எல்லோரும் கூவுவார்கள். எங்கள் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது கேட்ட குரல் அது.

ராணுவத்தைச் சொல்லாமல் விட்டால் குடகுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1949 ஜனவரி 15-இல் இந்தியப் படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் கே.எம். கரியப்பா அந்த மண். ஜெனரல் திம்மையா பிறந்த ‘சன்னி சைடு’ வீடு மடிக்கேரியில் இப்போது அருங்காட்சியகம். ஹாக்கியும் அப்படித்தான். 1997-இல் தொடங்கிய குடும்ப ஹாக்கி விழாவில் ஒவ்வொரு குலமும் ஒரு அணி. 2024-இல் நாப்போக்லுவில் 360 குடும்பங்கள் இறங்கின. தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் ஆடும் ஆட்டத்தை வேறெங்கே பார்ப்பது?

அரசர்கள் கொடவர்கள் அல்லர். ஹாலேரி வம்சத்து லிங்காயத்துகள். 1681-இல் முத்துராஜா தலைநகரை மடிக்கேரிக்குக் கொண்டுவந்தார். கோட்டை, உள்ளே அரண்மனை, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரண்டு யானைச் சிலைகள், கீழே குளத்து நடுவே மண்டபத்தோடு 1820-இல் கட்டிய ஓங்காரேஸ்வரர் கோயில். அதில் குவிமாடமும் உண்டு, மினார் போன்ற மூலைத் தூண்களும் உண்டு. ராஜா சீட், அப்பி அருவி எல்லாம் ஒரு மாலைக்குப் போதும். என் மனம் நிற்பது கக்கபே பக்கத்து நாலுநாடு அரண்மனையில். திப்புவின் காவலிலிருந்து தப்பி வந்த தொட்ட வீரராஜேந்திரன் 1792-இல், மாவட்டத்தின் உயரமான சிகரமான தடியண்டமோளின் அடிவாரத்தில் கட்டியது. அரண்மனை என்று சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவு சின்னது. காட்டுக்குள் ஒளிய ஒரு ராஜாவுக்கு அதுபோதும். கடைசி ராஜா சிக்க வீரராஜேந்திரன் 1834-இல் நாட்டை இழந்து காசிக்கு அனுப்பப்பட்டார். 1852-இல் மகள் கௌரம்மாவோடு லண்டன் போனார். விக்டோரியா ராணியே அந்தப் பெண்ணுக்கு ஞானத்தாய் ஆனார். ராஜா 1859-இல் அங்கேயே இறந்தார். கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் அவரைப் பற்றி எழுதிய நாவலுக்கு ஞானபீடம் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு நாலுநாடு போங்கள்.

சாப்பாடு. அரிசி ரவையை உருட்டி ஆவியில் வேகவைத்த கடம்புட்டு, கூடவே பந்திக்கறி, அதாவது பன்றிக்கறி. மிளகு தாராளம், கடைசியில் விடுகிற கச்சம்புளிதான் உயிர். ஒருவகைக் குடம்புளிப் பழத்தின் சாற்றைத் தாராகச் சுண்டக் காய்ச்சிய கறுப்புப் புளி. பன்றி சாப்பிடாதவர்களுக்கு மழைக்கால மூங்கில் குருத்துக் கறியும் காளான் கறியும் இருக்கின்றன. கச்சம்புளி ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். மீன் குழம்பில் இரண்டு சொட்டு விட்டதிலிருந்து என் வீட்டில் குடகு பற்றிய கிண்டல் பாதியாகக் குறைந்தது.

எல்லாம் சொன்ன பிறகு வலியையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் மலைகள் சரிந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக்கு அருகிலேயே பிரம்மகிரி சரிந்து அர்ச்சகர் குடும்பத்தைப் புதைத்தது. மழை கூடுதல் என்பது உண்மை. சரிவை வெட்டி விடுதி கட்டியதும், மரத்தை வெட்டி மனை போட்டதும் அதே அளவு உண்மை. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட தேவரகாடுகள், அதாவது கோயில் காடுகள், இன்றும் இருக்கின்றன. கோடாலி படாத காடு எப்படி மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அங்கே போய்ப் பாருங்கள். வார இறுதியில் மண்டல்பட்டி மலைமுனைக்கு ஜீப் வரிசையில் ஏறிச் சிப்ஸ் பொட்டலத்தை வீசிவிட்டு வருகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அந்தப் பிளாஸ்டிக் நம் ஆற்றில்தான் இறங்கும்.

போகிற வழி எளிது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக மைசூருக்கு ரயில் இருக்கிறது. மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடந்து மைசூரில் இறங்கலாம். அங்கிருந்து மடிக்கேரி 120 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. தீர்த்தோத்பவத்துக்குப் போவதாக இருந்தால் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்பு கையில் இருக்கட்டும். திரும்பும்போது காபியைப் பொடியாக வாங்காமல் வறுத்த கொட்டையாக வாங்கி, அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். சிக்கரி கலக்கட்டுமா என்று கேட்பார்கள். முதல் தடவையாவது வேண்டாம் என்று சொல்லுங்கள்.